ஐந்து நாள் என்று எழுதிய எண்ணெய்

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக எங்கள் பழைய மீன்துறை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டை வாய் பிரிந்து மிளகு அளவு உருண்டைகள் தரையில் சிந்திக் கிடந்தன. தண்ணீரில் போட்டால் மிதக்குமாம். மூட்டையின் மேலேயே புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அச்சடித்து விடுகிறார்கள். நான் குனிந்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன்.

அங்கே இப்போது ஆய்வாளராக இருக்கிற பெண் சிரித்துவிட்டாள். "எதுக்கு சார் மோந்து பாக்கறீங்க? தயாரிச்ச தேதி மூட்டையிலேயே இருக்கே" என்றாள்.

"பழக்கம்மா" என்றேன்.

"தெரியும் சார். நீங்க எழுதின பயிற்சிக் குறிப்பைத்தான் நாங்களும் படிச்சோம். பழவேற்காடு பக்கத்துக் குளத்துல பொம்பளைங்க தவிட்டை நனைய விட்டு, கொழுப்பு கெட்டு, மீனெல்லாம் செத்துப்போச்சே, அந்தக் கேஸ். நீங்க நேர்ல பார்த்ததுதானே? எங்க ஊழியர் மலருக்கு அதை விரிவா எழுதிக் கொடுங்களேன். இப்ப வர்றவங்களுக்குக் கொழுப்புன்னா மூட்டையில இருக்கிற நம்பர் மட்டும்தான்."

கையில் இருந்த தீவனத்தைத் திரும்ப மூட்டையில் போட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொன்னேரியில் ரயில் ஏறி வீடு வந்து சேருகிற வரைக்கும் எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் கேட்ட கேஸ் இதுதான். ஆனால் இதில் நனைந்த தவிடு கிடையாது. அந்தத் தவிட்டை நனைத்தது நான், அதுவும் பேனாவால்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வானம் பார்த்த ஊர் எனது. கிணற்றில் இருக்கிற கெளுத்தியைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்க்காதவன். கல்லூரி முடித்து, ஒரு வருடம் பயிற்சி என்ற பெயரில் மீன் முட்டையிடச் சினை ஊசி போடவும் குஞ்சு எண்ணவும் கற்றுக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் மீன்துறைச் சார்-ஆய்வாளராகப் பொன்னேரிப் பக்கம் வந்து சேர்ந்தேன். ஒரு சைக்கிள், ஒரு ரெக்சின் பை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இவ்வளவுதான் என் சொத்து.

எனக்கு மேலதிகாரி ஞானமுத்து சார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. திட்ட வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் அவருடைய திட்டு. எதைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நாள் ஆச்சு?" தவிடு அரைத்து எத்தனை நாள் ஆச்சு, புண்ணாக்கு ஆட்டி எத்தனை நாள் ஆச்சு, எண்ணெய் இறக்கி எத்தனை நாள் ஆச்சு. பண்ணையில் ஒவ்வொரு டின்னிலும் சாக்கிலும் சாக்பீசால் தேதி எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத டின்னை மூடியைக் கூடத் திறக்காமல் குப்பைக் குழிக்கு அனுப்பிவிடுவார். டீக்கடையில் பஜ்ஜி வாங்கினால் கூட எண்ணெய் எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பார் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வோம்.

எண்ணெயைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆய்வுக்கூடம் பட்டணத்தில்தான் இருந்தது, இங்கே மூக்கும் நாக்கும்தான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவார். மற்றக் கையால் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்ப்பார். நல்ல மீன் எண்ணெயில் மீன் வாடைதான் வரும். காறிப்போனதில் பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி மூக்கில் குத்தும். அதிலும் சந்தேகம் என்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருபது வரை எண்ணுவார். தொண்டை கரகரத்தால் எண்ணெய் வேண்டாம். நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

மீனுக்குக் கொழுப்பு எதற்கு என்பதையும் அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். கல்லூரியில் படித்தது பரீட்சைக்கு. இவர் சொன்னது மண்டையில் ஏறியது. ஒரு மார்கழிக் காலையில் பண்ணைத் தொட்டியோரம் நின்று சொன்னார்: "நம்ம உடம்பு எப்பவும் ஒரே சூடு. மீனுக்கு அப்படி இல்லை. தண்ணி எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவுதான். நெய்யை இந்தக் குளிர்ல வெளியே வெச்சா என்ன ஆகும்? உறைஞ்சுபோகும். மீன் உடம்புல கொழுப்பு அப்படி உறைஞ்சா அது நீந்துமா? அதனாலதான் அதுக்கு இளகின கொழுப்பு வேணும். அந்த இளகின கொழுப்புல ரெண்டு வகை அமிலம் இருக்கு. கெண்டை தன் உடம்புல அதைத் தானே செஞ்சுக்காது. நாமதான் குடுக்கணும். ஒண்ணு கடலைப் புண்ணாக்குல தாராளமா இருக்கு. இன்னொண்ணு அதுல இல்லை. குளத்துப் பாசியில கொஞ்சம் இருக்கு, மீன் எண்ணெயில நிறைய இருக்கு."

"அப்ப எல்லாக் குளத்துக்கும் மீன் எண்ணெய் ஊத்திடலாமே சார்?" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு போல.

கண்ணாடியைக் கழற்றினார். "எது இளகி இருக்குதோ அதுதான் சீக்கிரம் கெடும். எண்ணெய் இல்லைன்னா மீன் மெதுவா வளரும், அவ்வளவுதான். கெட்ட எண்ணெய் குடுத்தா சாகும். ரெண்டுல ஒண்ணுதான் வழின்னா இல்லாம விட்டுடு. இதை மட்டும் மறக்காதே."

மறக்கவில்லை. மறந்து செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அந்தக் குளம் இருந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் ஒரு மீனவர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் உப்பு. ஊருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் நிற்கிற ஒரு நல்ல தண்ணீர்க் குளம். ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வீடு முறை வரும். முறை ஆம்பளை பேரில்தான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. கண்ணுக்கு முன்னால் அவ்வளவு தண்ணீர் கிடந்தும் அந்த வீட்டுக்காரர்கள் அதில் இறங்கி வலை போட முடியாது.

அப்படிப்பட்ட வீடு அந்த ஊரில் ஐந்து இருந்தது. ஐந்தும் கணவனைக் கடலுக்கோ காய்ச்சலுக்கோ கொடுத்த வீடுகள். அவர்களில் எல்லம்மா என்கிற பெண்மணிதான் பொன்னேரி அலுவலகத்துக்கே நடையாய் நடந்து, ஊர்க்குளத்தில் கெண்டை வளர்க்க ஞானமுத்து சாரிடம் அனுமதியும் குஞ்சும் வாங்கியது. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீர் என்ற குரல். பன்னிரண்டு வயதில் தனம் என்று ஒரே மகள். ஊர்த் தலைவரான நாட்டார் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு கட்டுப்பாடு போட்டார். ஒரு வருடம் பார்ப்பது. மீன் நன்றாக வந்தால் குளம் அந்த ஐந்து வீட்டுக்கும் நிரந்தரம். பொய்த்தால் குளத்தை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள், அதன் பிறகு அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

எல்லம்மா என்னிடம் சொன்னார்: "எங்க அஞ்சு பேருக்கும் இதான் சார் பாடு. ஏரில ஆம்பளைங்களுக்கு மாசத்துல சில நாளு. எங்களுக்கு வருசத்துக்கு ஒரு வாட்டி. இத்த உட்டா வேற இன்னா கீது?"

அந்தக் குளம்தான் என் பொறுப்பு. ஐப்பசி மழையில் குளம் நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று வகைக் கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து ஆரஞ்சுப் பழ அளவு உருண்டை பிடிக்க வேண்டும். குளத்தின் நான்கு மூலையிலும் கயிறு கட்டிய மண்தட்டுகள். தினம் அதே நேரம், அதே இடம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். அந்த ஐந்து பெண்களும் செய்த மாதிரி எங்கள் பண்ணையில் சம்பளம் வாங்குகிறவர்கள் கூடச் செய்ததில்லை. தவிட்டுச் சாக்கைத் தரையில் படாமல் பலகை போட்டு, அதன் மேல் ஓலை மூடி, எல்லம்மாவின் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மழை பெய்தபோது அவரும் மகளும் ஒழுகுகிற பக்கம் படுத்துக்கொண்டு, ஒழுகாத பக்கத்தைத் தவிட்டுக்கு விட்டார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தை மாதம் வலை இழுத்து எடை பார்த்தோம். மீன் நோயில்லாமல் இருந்தது. ஆனால் நான் நினைத்த எடை இல்லை. சித்திரையில் மேலிடத்து அதிகாரிகள் குளத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. அந்த வருகை நல்லபடியாக முடிந்தால் வடக்கே ஒரு பெரிய மையத்துக்கு என்னை மேல்பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு. எனக்கு மீன் பருக்க வேண்டும், அதுவும் சீக்கிரம்.

ஞானமுத்து சாரிடம் மீன் எண்ணெய் சேர்க்க அனுமதி கேட்டேன். யோசித்துக் கொடுத்தார். நூறு கிலோ கலவைக்கு ஐந்து கிலோ. இறக்கிய எண்ணெய் ஒரு வாரத்துக்குள் வந்து சேர வேண்டும், நிழலில் மூடி வைக்க வேண்டும், பத்து நாளில் தீராத மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் பதிவேட்டில் 'எத்தனை நாள்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தை அவரே நீலப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்.

கோட்டைக்குப்பத்துக் கட்டுமரங்களில் சுறா வந்தால் ஈரலை வேகவைத்து எண்ணெய் எடுப்பார்கள். நான் போன நேரம் கடல் கொந்தளிப்பால் மரங்கள் இறங்காமல் கிடந்தன. மூன்று வாரம் சைக்கிளை மிதித்ததுதான் மிச்சம், ஒரு படி எண்ணெய் கூடக் கிடைக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் விட்டுவிடு என்று ஞானமுத்து சார் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் நான் எல்லம்மாவிடம் போய், "உங்க வீட்டுல சுறா எண்ணெய் இருக்குன்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். வேலியோரம் வெயிலில் இரண்டு பெரிய ஜாடிகள், வாய்க்குத் துணி கட்டி இருந்தன. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது சொந்தமாகத் தோணி கட்டுவதற்காகச் சேர்த்து வைத்த எண்ணெய். அந்தப் பக்கத்தில் தோணி மரத்துக்குப் பூசுகிற எண்ணெயை வேண்டுமென்றே வெயிலில் வைத்துப் பழசாக்குவார்கள். பழசாகப் பழசாகத்தான் கெட்டிப்பட்டு, பூசினால் தோல் மாதிரி மரத்தோடு பிடிக்கும். தோணிக்காரர்கள் தேடி வருகிற சரக்கு அது. தோணி கட்டுவதற்கு முன்பே அந்த மனுஷன் போய்விட்டார். எல்லம்மா அதை யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார்.

துணியை அவிழ்த்தார். "இது தோணிக்கு வெச்சது சார். ரெண்டு கோடை வெயிலு குடிச்சிருக்குது. மீனுக்கு ஆவுமா?"

எண்ணெய் தேன் நிறத்தில், தேனை விடக் கெட்டியாக இருந்தது. உள்ளங்கையில் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை, நின்ற இடத்திலேயே பெயிண்ட் வாடை மூக்கில் குத்தியது. இரண்டு கோடை என்று அந்த அம்மாள் வாயாலேயே சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டது.

நான் சொன்னேன்: "எண்ணெய்னா எண்ணெய்தாம்மா. மீன் எண்ணெய்தானே, மீனுக்கு என்ன ஆயிடும்? ஊத்துங்க."

"எங்கூட்டுக்காரரு கையால காச்சினது" என்றார். "நீங்க படிச்சவரு, சொன்னா சரிதான்."

இப்படித்தான் அந்த எண்ணெய் குளத்துக்குள் போனது. தோணிக்கு அதைவிட உயர்ந்த எண்ணெய் இல்லை, மீனுக்கு அதைவிடக் கெட்ட எண்ணெய் இல்லை. வீட்டில் இருந்ததிலேயே ஒசத்தியானதைத்தான் அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்து, நீலக் கோடு போட்ட கட்டத்தில் 'ஐந்து நாள்' என்று எழுதினேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மீன் எடை கூடக் கொஞ்சம் ஏறியது. நான் சைக்கிளில் விசில் அடித்துக்கொண்டு போய்வந்தேன். பங்குனி நடுவில் தட்டில் தீவனம் மிஞ்ச ஆரம்பித்தது. பிறகு ரோகு மீன்கள் கரையோரம் வந்து சோர்ந்து நின்றன. பிடித்துப் பார்த்தால் தலை மட்டும் பெரிதாக, முதுகு கத்தி முனை போல இளைத்திருந்தது. முதலில் காலையில் நான்கு மிதந்தது, பிறகு நாற்பது. எல்லம்மாவும் மற்ற நால்வரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடையில் பொறுக்கினார்கள். ஒருவரும் அழவில்லை. தனம் மட்டும் கரையில் நின்று ஒவ்வொரு கூடைக்கும் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் ஆச்சு? எங்க கையில எதுனா தப்பா?" என்று எல்லம்மா கேட்டார்.

"பார்க்கலாம்மா" என்றேன். ஜாடியில் மீதி இருந்ததை ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிடமே அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞானமுத்து சார் வந்தார். கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அப்போதுதான் செத்த ஒரு ரோகுவை வயிற்றோரம் கத்தரித்தார். ஈரல் சிவப்பாக இருக்க வேண்டும். அது வெளிறி, அழுக்கு மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. முதுகுத் தசையைக் கீறிக் காட்டினார், ஊறின பஞ்சு மாதிரி இருந்தது. "கெட்ட கொழுப்பு" என்றார். "உள்ளே போய், உடம்புல இருந்த நல்ல சத்தையும் சேர்த்துத் தின்னுடுச்சு." பதிவேட்டை வாங்கினார். நீலக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வந்தார். எல்லாவற்றிலும் ஐந்து நாள், ஆறு நாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எல்லம்மா பக்கம் திரும்பினார்.

"எண்ணெய் எத்தனை நாள் ஆச்சும்மா?"

எல்லம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எண்ணெய் புதுசு சார். நானே பார்த்து வாங்கினது. தவிடுதான்... இவங்க நனைய விட்டிருப்பாங்கன்னு தோணுது. நனைஞ்ச தவிட்டுலயும் கொழுப்பு காறிடும் இல்லையா சார்."

 ஒழுகாத பக்கத்தைத் தவிட்டுக்கு விட்டுக்கொடுத்த அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் குரலை மட்டும் கேட்டேன்.

"ஆமா சார். தவுடு நனைஞ்சி பூட்டுது. பாக்காம உட்டுட்டோம்."

ஞானமுத்து சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுதிக்கொண்டார். அவர் ஜீப்பை நோக்கி நடந்ததும் எல்லம்மா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "உங்க வேல பூட்டா எங்களுக்கோசரம் பேச ஆள் இல்ல. அதுக்குத்தான் சொன்னேன். ஊர்க் கூட்டத்துல நீங்கதான் சொல்லணும் சார். எங்க மேல தப்பு இல்லன்னு, இன்னொரு வருசம் குடுக்கச் சொல்லி. நீங்க சொன்னா நாட்டாரு கேப்பாரு."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்வேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். ஆம்பளைகள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. ஐந்து பெண்களும் தள்ளி நின்றார்கள். நாட்டார் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சாரே, நீங்க கவர்மெண்டு. நீங்க சொன்னா சரி. பொம்பளைங்க மேல தப்பு கீதா, இல்லியா?"

பையில் ஞானமுத்து சார் எழுதிய ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. தப்பு இல்லை என்று சொன்னால் அந்தக் காகிதம் பொய் என்றாகும். காகிதம் பொய்யானால் நீலக் கட்டங்கள் பொய்யாகும். அதிகாரிகள் வருகை நின்றுபோனாலும், பழி பெண்கள் மேல் விழுந்ததால், மேல்பயிற்சிக்குப் போகிற பட்டியலில் என் பெயர் இன்னும் இரண்டாவதாக இருந்தது.

"ரிப்போர்ட்ல இருக்கிறதுதாங்க" என்றேன். "பராமரிப்புக் குறைவு."

நாட்டார் தலையாட்டினார். அந்த மாதமே குளம் ஏலம் போனது. ஐந்து பெண்களும் இறால் உரிக்கிற கொட்டகைக்குக் கூலிக்குப் போனார்கள். கூட்டம் கலையும்போது எல்லம்மா என் நாற்காலியைத் தாண்டித்தான் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் மேல்பயிற்சிக்குப் போய்வந்தேன். பதவி உயர்ந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் துறையில் பயிற்சி வகுப்புகள் தொடங்கியபோது தீவனப் பாடம் என் தலையில் விழுந்தது. கொழுப்பு எப்படிக் கெடும் என்பதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குளத்தையே போட்டேன். 'பழவேற்காடு பகுதியில் மீனவப் பெண்கள் தவிட்டை நனைய விட்டதால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. வகுப்பில் அந்த இடம் வந்தால் குரலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சொல்வேன், நன்றாக எடுபடும்.

ஒருமுறை கடலோரப் பெண்களுக்கான வகுப்பு. பொன்னேரியில் ஒரு கூடத்தில் நாற்பது பேர். வழக்கம் போல அந்தக் கதையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அடையாளம் தெரியவில்லை எனக்கு.

ஒரு வாரம் கழித்து எல்லம்மா அலுவலகத்துக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. இறால் முள் குத்தி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க கிளாசுக்கு வந்தது எம் பொண்ணு தனம். ஊட்டுக்கு வந்து, 'அம்மா, நீயா தவுட்ட நனைய உட்டே?'ன்னு கேக்குது. அன்னிக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார், உங்களுக்காவ. குளம் பூட்டுது, அத்தக் கூட நான் கேக்கல. ஆனா அத்தப் பாடமாப் போட்டு ஊருக்கெல்லாம் படிக்கிறீங்களே, இது இன்னா ஞாயம்? அந்த ஒரு வரிய மாத்திடுங்க. வேற எதுவும் வேணாம்."

மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட வேண்டியது நான்.

மாற்றவில்லை. ஞானமுத்து சார் அப்போது இன்னும் பணியில் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு மாற்றலாம் என்று தள்ளிவைத்தேன். அவர் ஓய்வு பெற்றதும் என் அடுத்த பதவி உயர்வு வரட்டும் என்று தள்ளிவைத்தேன். பிறகு குறிப்பு அச்சாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுப் பேசிய ஒருவர் அந்தக் கேஸைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த ஆய்வாளர் பெண் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன். குறிப்பில் திருத்த வேண்டிய பகுதியை முதலில் எழுதினேன்: 'தவிடு நனையவில்லை. மீன் எண்ணெய் காறிப்போயிருந்தது. பதிவேட்டில் ஐந்து நாள் என்று தவறாகப் பதிவாகிவிட்டது.' அதை எடுத்துக்கொண்டு போன வாரம் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போனேன். எல்லம்மா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று தனம்தான் சொன்னாள். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. இறால் தீவனம் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். வாசலில் சாக்குகள், ஒவ்வொன்றிலும் சாக்பீசால் தேதி எழுதியிருந்தது.

நான் நீட்டிய காகிதத்தை நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"தவறாப் பதிவாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "யாரு சார் பதிஞ்சது? அதுவா பதிஞ்சிக்கிச்சா?"

 அத்தனை வருடம் கழித்து உண்மையை எழுத உட்கார்ந்தவன், அப்போதும் என்னை ஒரு ஓரமாக ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். அவள் காட்டுகிற வரைக்கும் அது எனக்கே தெரியவில்லை.

கல்லாவில் இருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு தீவனச் சாக்கின் மேல் காகிதத்தை விரித்து வைத்தாள். "நான் சொல்றேன், எழுதுங்க. அன்னிக்கு ஜாடிகிட்ட நானும் நின்னுக்கினுதான் இருந்தேன்."

அவள் சொல்லி நான் எழுதியதை மலரிலும் பயிற்சிக் குறிப்பிலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்:

'தவிடு நனையவில்லை. எண்ணெய் இரண்டு கோடை பழையது. இது தோணிக்கு வைத்தது, மீனுக்கு ஆகுமா என்று எல்லம்மா கேட்டார். ஆகும் என்று சொன்னதும் நான், ஐந்து நாள் என்று எழுதியதும் நான். குளம் போனது அவர்களுக்கு.'